கொல்லையின் பங்காளிகள்

(ஊர் நூலகமொன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிற உயிர்களுக்கும் இடமளிக்கும் தோட்டத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று எனக்கு உத்தரவாகியிருக்கிறது. தலைப்பு அழகாக இருக்கிறது. அழகான தலைப்புகளிலுள்ள அபாயம் என்னவென்றால், பேசுகிறவனும் கேட்கிறவர்களும் முதல் ஐந்து நிமிஷத்திலேயே உடன்பட்டுப் போய்விட்டு, எஞ்சிய நேரமெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருப்பதுதான். பட்சிகள் வேண்டுமா என்றால் அவசியம் வேண்டும் என்போம். வண்ணத்துப்பூச்சி வந்தால் குழந்தைகளைக் கூவி அழைத்துக் காட்டுவோம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை ஒருமுறையும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனை ஒருமுறையும் நினைவுகூர்ந்து மெய்சிலிர்த்துவிட்டு வீட்டுக்குப் போய், கறிவேப்பிலைச் செடியில் புழு விழுந்திருக்கிறதே என்று பூச்சிமருந்துக் கடைக்கு ஆள் அனுப்புவோம். ஆகையால் உடன்பாட்டிலிருந்து தொடங்காமல் அந்தக் கறிவேப்பிலைச் செடியிலிருந்து தொடங்குவதாக உத்தேசித்திருக்கிறேன். சச்சரவு அங்கேதான் இருக்கிறது.

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, சிவபூஜைக்குரிய வில்வம் ஆகியவை யாவும் தாவர சாஸ்திரப்படி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் இலைகளில் ஊறியிருக்கும் வாசனைத் தைலம் நம் வீட்டு ரசத்தை மணக்கச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டது என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தாலும், தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுவதே செடிக்கு அதனால் ஆகும் பிரயோஜனம். பெரும்பாலான பூச்சிகள் அந்தக் காரத்துக்கு அஞ்சி விலகியும் விடுகின்றன. விலகாத சிலவற்றுள் ஒன்று, கறுப்பும் வெளிர்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த சிறகுகளையுடைய எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. தாய்ப்பூச்சி கொழுந்தைத் தேடிவந்து, தன் முன்னங்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்த்து, பிறக்கப்போகும் பிள்ளைக்கு இது ஆகாரமாகும் என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே, ஒவ்வொரு முட்டையாக இட்டுவிட்டுப் போகிறது. சில நாட்களில் வெளிவரும் புழு, கறுப்பும் வெள்ளையுமாக, ஏதோ குருவி எச்சமிட்டுப் போனது போல இலையின் மேற்புறத்திலேயே பகிரங்கமாகக் கிடக்கும். எச்சத்தை எந்தப் பறவை கொத்தப் போகிறது? தோலுரித்து வளர்ந்து, அந்த வேஷம் உடலுக்குப் பொருந்தாத அளவு பெருத்த பின்னர், புழு இலையின் பச்சையை வாங்கி உடுத்திக்கொள்கிறது. அப்போதும் கண்டுபிடித்துத் தொடுகிறவர்களுக்கென்று, தலைக்குப் பின்னாலிருந்து இரு கவடாகப் பிளந்த செந்நிறக் கொம்பொன்றைச் சட்டென்று நீட்டி, ஒரு துர்நாற்றத்தையும் எழுப்புகிறது. இத்தனையும் நம்முடைய கறிவேப்பிலைச் செடியிலேயே நடக்கிறது என்பது, குழம்புக்கு இலை பறிக்கப் போன இடத்தில் அறிந்துகொள்ளத்தக்க ஓர் ஆச்சரியம்.

இதே மரத்துக்கு இன்னொரு பட்டாம்பூச்சியும் வருகிறது. அதன் ஆண் கறுப்பில் வெள்ளைப் பட்டையணிந்தது. பெண்களிற் சில ஆணைப் போலவே இருக்க, வேறு சில மட்டும் சிவப்புப் புள்ளிகளிட்ட முற்றிலும் வேறொரு ஜாதிப் பூச்சியின் ஆடையை அணிந்து பறக்கின்றன. அந்த வேறு ஜாதிப் பூச்சி, வேலியோரத்து ஈஸ்வரமூலிக் கொடியையும் தரிசில் படரும் ஆடுதீண்டாப்பாளையையும் தின்று வளர்ந்து, அவற்றின் விஷத்தை உடம்பில் சேமித்து வைத்திருப்பது. ஒருமுறை அதைக் கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கொத்துவதில்லை. கறிவேப்பிலை தின்று வளர்ந்த அப்பாவிப் பூச்சி, விஷம் தின்று வளர்ந்த பூச்சியின் வேஷத்தில் உயிர் தப்புகிறது. ஆனால் இந்த நாடகத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அசல் பூச்சி அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்து, பறவைகளுக்குப் பாடம் கற்பித்திருக்க வேண்டும். ஆட்டுக்குக்கூட ஆகாத கொடி என்று தரிசில் படர்ந்த ஆடுதீண்டாப்பாளையை நாம் மண்வெட்டியால் சீவி எறிந்துவிட்டால், கொல்லையிலிருக்கும் கறிவேப்பிலைப் பூச்சி தன் வேஷத்தின் பலனை இழந்துவிடுகிறது. எந்தச் செடி எதற்கு உபயோகம் என்று நாம் போடும் கணக்கில் இப்படிப்பட்ட வரவுகள் ஏறுவதேயில்லை.

இந்தப் புழுக்களுக்காக நாம் கொடுப்பது என்ன? ஒரு மரத்தின் கொழுந்திலைகளில் ஒரு பகுதி. முட்டைகளுட் பலவற்றைக் கண்ணுக்குத் தெரியாத குளவிகள் துளைத்துத் தம் முட்டைகளை உள்ளே வைத்துவிடுகின்றன. புழுக்களுட் பலவற்றைத் தையற்சிட்டும் சின்னானும் பொறுக்கிச் செல்கின்றன. எஞ்சி இறகு முளைப்பவை சொற்பமே. வளர்ந்த மரம் அடுத்த தளிர்ப்பில் எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளும். முழங்கால் உயரக் கன்றாயிருந்தால் மொட்டையாகிவிடும் என்பது மெய்தான். அப்போது புழுவை இலையோடு எடுத்துப் பக்கத்திலுள்ள பெரிய மரத்தில் விட்டால் போதும். அதற்கு மருந்தும் வேண்டாம், தெளிப்பானும் வேண்டாம், இரண்டு விரல்கள் போதும்.

முற்காலத்துக் களத்துமேட்டில் நெல்லைத் தூற்றி அம்பாரமாகக் குவித்த பிறகு, தச்சனுக்கும் கொல்லனுக்கும் நாவிதனுக்கும் வண்ணானுக்கும் உரிய பங்கை அளந்து கொடுத்த பின்னரே மிராசுதாரின் வண்டியில் மூட்டை ஏறும். அதை நஷ்டமென்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதியதில்லை. அந்தப் பங்கு போகாவிட்டால் அடுத்த ஆண்டு கலப்பை நடவாது என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டின் உள்ளே இருந்த மேல் கீழ்க் கொடுமைகளை நான் போற்ற வரவில்லை. விளைச்சல் முழுவதும் நிலத்துக்குடையவனுக்கே என்று கருதாத ஒரு மனப்பான்மையை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். நம் கொல்லைப்புறத்தில் வாழும் புழு, குளவி, தேரை, ஓணான், குருவி ஆகிய யாவும் நமது தயவை வேண்டி நிற்கும் யாசகர்கள் அல்ல. பத்திரத்தில் பெயரில்லாத பங்காளிகள். ஜீவகாருண்யம் உயர்ந்த குணந்தான். ஆனால் காருண்யம் மனம் இளகும்போது கொடுக்கும், சலித்தபோது கையை மூடிக்கொள்ளும். பங்கு என்பதோ நமக்கு அன்று மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தாக வேண்டியது.

இக்காலத்தில் செடி விற்கும் நர்சரிகளுக்குப் போனால், "இதில் புழுவே விழாதுங்க" என்று சொல்லித்தான் செடியைக் கையில் கொடுக்கிறார்கள். விற்பவரைக் குறை சொல்வதற்கில்லை. கேட்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். குரோட்டன்ஸ் ஜாதிகள், அலங்காரப் பனைகள், கத்தரித்துக் கத்தரித்துக் கம்பளம்போல் வைத்திருக்கும் புல்தரை ஆகிய இவைகளால் நிரம்பிய தோட்டமொன்றில் நீங்கள் ஒரு முழு நாளும் உட்கார்ந்திருந்தாலும், அவற்றை நாடி வரும் பூச்சி மிகச் சொற்பம். எதுவும் தின்னாத செடி என்றால், நம் மண்ணில் வாழும் எதற்கும் அது இன்னும் உறவாகவில்லை என்று அர்த்தம். இலை தின்னும் பூச்சிகள் எல்லா இலையையும் தின்பவை அல்ல. அவற்றுட் பெரும்பாலானவை ஏதோ ஒரு தாவரத்தின் காரத்துக்கோ கசப்புக்கோ தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போனவை. கொன்றையைத் தின்னும் மஞ்சள் பட்டாம்பூச்சிக்குக் கொன்றையும் அதன் நெருங்கிய இனங்களுமே ஆகாரம். எருக்கிலையைத் தின்று அதன் பாலிலுள்ள நஞ்சையே கவசமாக்கிக்கொள்ளும் செம்பழுப்புப் பூச்சிக்கு நீங்கள் விலைமதிப்புள்ள அயல்நாட்டுச் செடியொன்றை வைத்தால், தேன் குடித்துவிட்டு வந்த வழியே போய்விடும். பிள்ளை பெறுவதற்கு எருக்கோ அதன் உறவினமோதான் வேண்டும். தேன் கொடுப்பது சத்திரம் வைப்பது மாதிரியான தர்மம். இலை கொடுத்தாலொழிய அவை இங்கே குடியிருக்க முடியாது.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணன் அவர்களின் பெயரைச் சொல்லாமல் போவது நன்றிகெட்ட செயலாகும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வராக 1912-இல் பிறந்த அவர், கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-இல் தொடங்கிய "கண்ட்ரி நோட்புக்" என்ற பத்தியை 1996-இல் தாம் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். யானையையும் புலியையும் பற்றி எழுதியவர்கள் பலர்; காக்கையையும் ஓணானையும் அணிலையும் அதே கௌரவத்தோடு நடத்தியவர்கள் சிலரே, அச்சிலருள் அவர் முதல்வர். அயல்நாட்டு மரங்களையும் செடிகளையும் இந்நாட்டில் கொண்டுவந்து பரப்புவதை அவர் பிடிவாதமாக எதிர்த்தார். அவருடைய பிடிவாதம் அளவுக்கு மிஞ்சியது என்று அக்காலத்தில் நினைத்தவர்கள், அலங்காரச் செடியாக வந்த உன்னி நம் மலைக்காடுகளின் அடித்தளத்தை மூடியிருப்பதையும், விறகுக்காக வந்த சீமைக்கருவேலம் கண்மாய்களின் உள்வாய் வரை குடியேறியிருப்பதையும் இன்று போய்ப் பார்க்கலாம். அதற்காக வெளிநாட்டுச் செடி எதுவுமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மிளகாயையும் கொய்யாவையும் பப்பாளியையும் நாடு கடத்த வேண்டியதாகும், அதற்கு என் வீட்டாரே சம்மதிக்கமாட்டார்கள். தோட்டத்தின் பெரும்பகுதி இந்த மண்ணின் உயிர்களுக்கு ஆகாரமாகக் கூடியதாக இருக்கட்டும் என்பதே பிரார்த்தனை.

குருவிகளைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறோம். சிட்டுக்குருவிக்கென்று அட்டைப்பெட்டி கட்டித் தொங்கவிடுவதும், தட்டில் தினையும் நொய்யும் வைப்பதும் நல்ல காரியங்களே. ஆனால் தானியம் தின்பது வளர்ந்த குருவி. கூட்டிலிருக்கும் குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் நாள் முழுவதும் பறந்து பறந்து கொண்டுவந்து ஊட்டுவது புழுவும் பூச்சியும். பச்சைப்புழு இல்லாத தெருவில் பெட்டி மட்டும் தொங்கினால், ஜோடி வந்து கூடு கட்டலாம். குஞ்சு தேறுவது கடினம். சீன தேசத்தில் 1958-இல் அரசாங்கமே முன்னின்று, எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் ஒழிக்கவேண்டிய சத்துருக்களாகப் பிரகடனம் செய்ய, ஜனங்கள் திரண்டு தகரத்தையும் தட்டையும் தட்டி, குருவிகளை எங்கும் உட்காரவிடாமல் களைத்து விழும்வரை விரட்டிக் கொன்றார்கள். குருவி தின்ற தானியத்தை மட்டும் கணக்கிட்டவர்கள், அது தின்ற பூச்சியைக் கணக்கிடவில்லை. பூச்சிகள் பெருகின. 1960-இல் அந்தப் பட்டியலிலிருந்து குருவியின் பெயரை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியின் பெயரைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டுகளில் நேர்ந்த மகா பஞ்சத்துக்குக் காரணங்கள் பல என்றாலும், குருவியை ஒழித்ததும் அவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

காய்கறித் தோட்டம் போடுகிறவர்களுக்குச் சுயநலமாகவே ஒன்று சொல்கிறேன். கத்தரிப் பூவை அருகில் சென்று பாருங்கள். நடுவில் மஞ்சள் நிறத்தில் குவிந்து நிற்கும் மகரந்தப் பைகள் மற்றப் பூக்களில் போல நெடுக வெடித்துத் தூளை வெளியே கொட்டுவதில்லை. நுனியிலுள்ள சிறு துவாரத்தின் வழியாக உதறினால்தான் உதிரும். தேன்கூடு வைக்கும் நம் சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பட்டுப்போன கட்டையிலும் மூங்கிற் கழியிலும் துளையிட்டுக் குடியிருக்கும் பெரிய கருவண்டு — அதுவும் ஒருவகைத் தேனீயே — பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலே சிறகின் தசைகளை மட்டும் அதிரச் செய்யும். "ங்ங்ங்" என்ற அந்த ரீங்காரம் நம் காதுக்கே கேட்கும். அந்த அதிர்ச்சியில் மகரந்தம் பொலபொலவென்று அதன் மார்பில் கொட்டுகிறது. கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கக் கூடியதுதான் என்றாலும், இப்படி உலுக்கப்பட்ட பூ நன்றாகக் காய் பிடிக்கிறது; தக்காளிக்கும் இதே கதை. இந்த வண்டு வீட்டு உத்தரத்தைத் துளைத்துவிடுமோ என்று பயந்து துரத்துகிறவர்கள், தோட்டத்து மூலையில் காய்ந்த முருங்கைக் கட்டையொன்றையோ மூங்கில் துண்டுகளையோ மழை படாமல் சாய்த்து வைத்துவிட்டால், அது உத்தரத்தை மறந்து அங்கே போய்விடக் கூடும். நிற்கும் முருங்கையில் ஒரு கிளை பட்டுப்போனால் உடனே வெட்டிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். செப்புக்குடத்தைத் தட்டுகிறாற்போல் விடாமல் கூவும் குக்குறுவான் அதைத்தான் குடைந்து கூடு வைக்கும்.

இனி, புடலை. அந்தப் பூ ஏன் வெள்ளையாக இருக்கிறது, ஏன் விளிம்பெல்லாம் நூல்நூலாகக் கிழிந்து தொங்குகிறது, ஏன் இரவில் மலர்கிறது என்று யாராவது யோசித்ததுண்டா? அது அந்துப்பூச்சிக்காக விரித்த கடை. சுரையும் பீர்க்கும் மாலையில் திறக்கின்றன. பகலில் தோட்டத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் பார்த்தாயிற்று என்று எண்ணுகிறவர்கள் பாதி வியாபாரத்தைப் பார்த்ததில்லை. இப்போதெல்லாம் கள்ளர் பயத்தாலும் அலங்கார ஆசையாலும் பந்தலுக்கு மேலேயே விடியுமட்டும் வெள்ளை விளக்கெரிய விடுகிறோம். பந்தலுக்கு வரவேண்டிய அந்துப்பூச்சி விளக்கைச் சுற்றிச் சுற்றியே ஆயுளை முடித்துக்கொள்கிறது. பிறகு புடலை பிஞ்சிலேயே வெம்புகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

பங்காளிகளுக்குள் சிலர் முரடர்கள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் மெக்ஸிகோ நாட்டைச் சேர்ந்த மாவுப்பூச்சி ஒன்று முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாளியில் தொடங்கி மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி என்று அது பரவிய வேகத்தில் குடியானவர்கள் கலங்கிப்போனார்கள். பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இலையில்லாமல் போயிற்று. மேலே மெழுகுபோல் மூடியிருக்கும் வெண்மாவை எந்த மருந்தும் எளிதில் ஊடுருவவில்லை. அடிக்க அடிக்க, இயல்பாக அதைத் தின்னக்கூடிய பொறிவண்டு முதலியவையும் கூடவே மடிந்தன. கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து, அந்த மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும் கடுகினும் சிறிய குளவியினம் ஒன்றை வரவழைத்து, முறைப்படி சோதித்து, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். மருந்து சாதிக்காததை அந்தக் குளவி சில மாதங்களில் சாதித்தது. மாவுப்பூச்சி அடியோடு அழிந்துவிடவில்லை, அளவுக்குள் அடங்கிற்று. இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று: குளவியை விட்ட தோட்டங்களில் மருந்தடிக்க வேண்டாம் என்று சொல்லவேண்டியிருந்தது, ஏனெனில் மருந்துக்கு வேண்டியவன் வேண்டாதவன் என்ற பேதம் தெரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் தனி வீட்டுக் கொல்லையைப் பற்றியது. ஊர் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து பங்கு கொடுத்த கதைகள் நம்மிடமே இருக்கின்றன. அவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் என்பது ஓர் ஏரிப்பாசன கிராமம். ஏரிக்குள் நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் மழைக்காலத்தில் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக் கோடையில் திரும்புவது எத்தனை நூற்றாண்டு வழக்கமோ! கும்பெனியார் ஆட்சிக்காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்தப் பறவைகளைப் பொழுதுபோக்காகச் சுட ஆரம்பித்தபோது, கிராமத்தார் அப்போதைய கலெக்டராகிய லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, பறவைகளை யாரும் துன்புறுத்தக் கூடாது என்று 1798-ஆம் ஆண்டளவில் ஒரு கௌல் வாங்கிவைத்துக்கொண்டார்கள். அது பின்னர் 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. சரணாலயச் சட்டங்களையும் வனத்துறையையும் நாடு கேள்விப்படுமுன், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரேயிருந்த ஒரு கிராமம் பறவைகளுக்காக எழுத்துமூலமான பத்திரம் பெற்றது. அவர்களுக்குப் பறவைகளின்மேல் அன்பு இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அன்போடு கூட அறிவும் இருந்தது. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாயும்போது தனியாக எரு வேண்டாம் என்பதை அவர்கள் பரம்பரையாகக் கண்டிருந்தார்கள். நாரை மீனைத் தின்றது. மீனின் சாரம் நெல்லுக்கு வந்தது.

சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர்கள் இருக்கின்றன. அங்குள்ள கண்மாய்களுக்கு வரும் பறவைகள் ஐப்பசியில் தீபாவளி சமயத்திலேயே வரத்தொடங்குவதால், அவை வெருண்டு கூட்டை விட்டுவிடக் கூடாதென்று அவ்வூரார் பல்லாண்டுகளாகப் பட்டாசு கொளுத்துவதில்லை. 1977-இல் அரசு அவ்விடத்தைச் சரணாலயமாக்கியது. ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அரசு பின்னால் வந்து கையெழுத்திட்டது என்றுகூடச் சொல்லலாம். இந்தச் செய்தி ஒவ்வொரு தீபாவளிக்கும் பத்திரிகைகளில் வருகிறது, வாசித்துவிட்டுப் பாராட்டுகிறோம். பட்டாசுக்காக வருஷம் முழுவதும் காத்திருக்கும் ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம், "நம்ம ஊர்ல வேட்டுப் போடக் கூடாதுடா, பறவை வந்திருக்கு" என்று ஒரு தாய் சொல்லி, அந்தப் பிள்ளையும் ஒப்புக்கொண்டு, அவன் வளர்ந்து தன் பிள்ளையிடமும் அதையே சொல்லவேண்டுமென்றால், அது ஒரு நாளைய தியாகமாக முடிகிற காரியமா? ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய குத்தகை அல்லவா அது!

நெல்லைச் சீமையில் நாங்குநேரியை அடுத்த கூந்தன்குளத்தில் இன்னும் நெருக்கம். மஞ்சள்மூக்கு நாரைகள் குளத்து மரங்களோடு நில்லாமல், ஊருக்குள் வந்து வீட்டு வாசல் வேம்பிலும் கொல்லைப் புளியிலும் கூடு கட்டுகின்றன. நாரைக்கூட்டின் அடியில் வசிப்பது கவிதையில் படிப்பது போன்றதன்று. எச்சம் விழும், அரைகுறையாகத் தின்ற மீன் விழும், நாற்றம் எழும், குஞ்சுகள் இராப்பகலாகக் கத்தும். ஆயினும் பறவை வராத ஆண்டை அவ்வூரார் அதிர்ஷ்டமில்லாத ஆண்டாக நினைக்கிறார்கள். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்து விடுவதும் அங்கே வழக்கம். எரு நிறைந்த வண்டல் வயலுக்குப் போகிறது. 1994-இல் அதுவும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நம் மாடியில் புறா எச்சமிட்டால் வலை கட்ட ஆளைக் கூப்பிடுகிற நாம் அவ்வூரில் ஒரு பருவம் தங்கிப் பார்ப்பது நல்லது.

ஆனால் பங்கு என்று சொன்னவன் பங்கின் அளவைப் பற்றியும் பேசவேண்டும். கொங்கு நாட்டிலும் பிற மாவட்டங்களிலும் மயில்கள் பெருகி, விதைத்த நிலக்கடலையையும் முளைத்த பயிரையும் கிளறிவிடுகின்றன. மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்றது. முருகன் வாகனம் வேறு. குடியானவன் யாரிடம் போய் முறையிடுவான்? மலையடிவாரத்தில் ஒரே இரவில் யானை புகுந்து வாழைத் தோட்டத்தை மிதித்துவிட்டுப் போனால், நகரத்தில் மின்விசிறியின் அடியில் உட்கார்ந்திருக்கும் நாம் அவனுக்குச் சகிப்புத்தன்மையை உபதேசிப்பது அநியாயம். நாமெல்லாரும் அனுபவிக்கும் காட்டுக்காக அவன் ஒருவனே பங்கு முழுவதையும் கொடுத்துக்கொண்டிருக்கிறான். நஷ்ட ஈடு உரிய காலத்தில், அலைக்கழிக்காமல், மெய்யான சேதத்துக்குச் சரியாக அவனுக்குக் கிடைக்கவேண்டும் என்று நகரத்தார் கேட்பதே இயற்கைப் பற்றின் முதல் இலக்கணம் என்பது என் அபிப்பிராயம். கவிதை அப்புறம்.

அன்பு என்ற பெயரால் செய்யும் தீமைகளும் உண்டு. மலைப்பாதையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு ரொட்டியும் பொரியும் போடுவது, குரங்கைச் சாலையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கொடுப்பதற்குச் சமானம்; காட்டில் கனி தேடும் பழக்கத்தை அது விட்டுவிட்டு, பையைப் பறிக்கும் கலையைக் கற்றுக்கொண்ட பின், அதே கையால் நாம் கல்லெடுக்கிறோம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதைச் சீட்டெடுக்கும் கிளி ஜோசியரிடம் உட்காருமுன் நினைத்துக்கொள்ளுங்கள்.

விஷத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது சுருக்கமான கதை. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுத்துவந்த டைக்ளோஃபெனாக் என்ற மருந்து, அந்த மாடு இறந்த பின் அதன் இறைச்சியைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, ஒரு தலைமுறைக்குள் இந்தியாவின் ஆகாயத்தையே வெறுமையாக்கிற்று. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்தன. மாட்டு வைத்தியத்தில் அதை 2006-இல் தடுத்தார்கள். தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். மாட்டுக்கு நல்லது செய்யவேண்டுமென்றே அந்த மருந்தைக் கொடுத்தார்கள். யாரும் பாறுகளை வெறுக்கவில்லை. நம் கொல்லையில் எலிக்கு வைக்கும் விஷமும் இதே வழியில்தான் போகிறது: விஷம் தின்று தள்ளாடும் எலியைக் கூகை எளிதாகப் பிடிக்கிறது, குஞ்சுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. இரவெல்லாம் எலி பிடித்துக்கொடுக்கிற அந்தப் பறவையை அபசகுனம் என்று வேறு திட்டுகிறோம். எலிப்பொறி வைத்தால் எலி மட்டும் போகும்.

பாம்பு வருமே என்பதுதான் இத்தகைய கூட்டங்களில் எல்லாரும் மனத்தில் வைத்துக்கொண்டிருக்கும் ஆட்சேபம். வரும். எலி இருந்தால் மருந்தடித்த தோட்டத்துக்கும் வரும். நம் வீட்டுப் பக்கம் அதிகம் காணப்படுவது சாரை. அதற்கு விஷம் இல்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அடையாளம் தெரிந்துகொள்வது ஒவ்வொரு வீட்டாருக்கும் அவசியம். படத்தைப் பார்த்தே கற்கலாம். விறகையும் செங்கல்லையும் வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் தள்ளி வைப்பதும், இரவில் விளக்கில்லாமல் கொல்லைக்குப் போகாமல் இருப்பதும், தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுப்பதும் பெரும்பாலான விபத்தைத் தடுக்கும். கடித்துவிட்டால் மந்திரம், கீறல், கட்டு எதுவும் வேண்டாம். நேரே அரசு ஆஸ்பத்திரி. அங்கே ஏற்றும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சைப் பாம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்களில், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள் முக்கியமானவர்கள் என்பதையும், அவர்கள் பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுத்துக்கொண்டு மறுபடி விட்டுவிடுகிறார்கள் என்பதையும் அறிந்துகொண்டால், தடியை எடுக்குமுன் கை சற்றுத் தயங்கலாம்.

தோட்டமே இல்லாத அடுக்குமாடிவாசிகள் இங்கே அநேகர் இருப்பீர்கள். தொட்டியில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வளரும். அவ்விரண்டுக்கும் வண்ணத்துப்பூச்சி மூன்றாம் மாடிக்கும் ஏறி வரும். தரை வைத்திருப்பவர்கள், உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்தாமல் ஒரு மூலையில் குவித்துவிட்டால், அதில் மண்புழுவும் தேரையும் குடியேறும். தேரை இரவெல்லாம் பூச்சிகளை விழுங்கும். கோடையில் பறவைக்குத் தண்ணீர் வைக்கிறவர்கள், அகன்ற மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மட்டும் நீர் விட்டு, நடுவில் ஒரு கல்லையும் வையுங்கள்; குருவிக்கு நிற்க இடமாகும், தேனீ மூழ்காது. அந்தச் சட்டியை வெறுமனே நிரப்பிக்கொண்டே இருந்தால் போதாது. டெங்கு பரப்பும் கொசு தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறது. அது பல மாதம் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நனைந்தால் பொரித்துவிடும். ஆகவே வாரத்துக்கு இரண்டு முறையாவது நீரைக் கொட்டி, தேங்காய் நாரால் உட்புறத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தெடுத்த பிறகே புதுத் தண்ணீர் விடவேண்டும்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பாம்பைப் பற்றிய கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் மற்றவற்றுக்கு நேரம் இராது.